லயமும் நிலமும்: கொஸ்லந்தைச் சாரலில் வீட்டுரிமை வரலாறு

ஊவா மாகாணத்திலே, பேரகலையிலிருந்து வெல்லவாயாவை நோக்கி வளைந்து இறங்கும் பெருந்தெருவில் அமைந்த சிற்றூர் கொஸ்லந்தை. மேலே அப்புத்தளை மலைத்தொடர். கீழே வெல்லவாயாச் சமவெளி. இடையே செங்குத்தான சாரல். 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சியைக் காணும் பொருட்டே அயலூரார் பெரும்பாலும் இவ்வழி வருவர். அருவியைக் கண்டு மீள்வோருள் அதற்கு மேலே மலைமுடிவரை பரந்த தேயிலைத் தோட்டங்களையும், அவற்றிடையே வரிசை வரிசையாய் நிற்கும் லயங்களையும் பற்றிச் சிந்திப்போர் அரியர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் நாடு முழுவதும் அவற்றைப் பற்றிச் சிந்திக்க நேர்ந்தது.

அன்று காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலைச்சரிவொன்று பெயர்ந்து வீழ்ந்தது. தொடர்மழையால் நீரூறியிருந்த மண் சில கணங்களுள் லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகளும் வேலைக்குச் சென்றுவிட்ட பெரியோர் பலரும் உயிர் தப்பினர். தோண்டி எடுக்கப்பட்ட உடல்கள் சிலவே. எஞ்சியோரை அம்மண்ணே தன்னுள் வைத்துக்கொண்டது. உயிர் தப்பியோர் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளில் அடைக்கலம் புகுந்தனர்.

துயரம் ஆறுமுன்னரே ஒரு செய்தி வெளியாயிற்று. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது என்றும், மக்கள் இடம்பெயர்தல் வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது என்பதே அச்செய்தி. அங்ஙனமாயின், ஒன்பது ஆண்டுக்காலம் அம்மக்கள் அங்கேயே தங்கியிருந்தமைக்குக் காரணம் யாது? அறியாமை என்றும், சொற்கேளாமை என்றும் சிலர் கூறினர். அக்கூற்று எளிது, உண்மையன்று. “இவ்விடத்தை விட்டுச் செல்க” என்ற அறிவிப்புக்கு “எங்கே செல்வது?” என்ற வினா உடன்பிறந்தது. ஊரான் ஒருவன் தன் காணியை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், உறவினரின் வளவிலே குடிசை போடலாம். நகரத்தான் வேறொரு வீட்டை வாடகைக்குப் பெறலாம், நகரசபையிடம் முறையிடலாம். லயத்தில் வாழ்ந்தோனுக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. அவன் நின்ற மண்ணில் ஓர் அங்குலமேனும் அவனுக்குரியதன்று. இந்நிலை எவ்வாறு தோன்றிற்று என்பதை அறியாது மீரியபெத்தையை விளங்கிக்கொள்ளுதல் இயலாது.

லயம் தோன்றியது தேயிலைக்காலத்திலன்று, கோப்பிக்காலத்திலாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தென்னிந்தியாவிலிருந்து கூலிக் கூட்டத்தார் வருவர். சில திங்கள் உழைத்து, அறுவடை முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்புவர். வந்தோருள் ஆடவரே மிகுதி. அவர்கள் இரவிலே முடங்குதற்கு ஒரு கூரை போதுமெனத் துரைமார் கருதினர். படைவீரர் தங்கும் நீண்ட கொட்டிலை ஒத்த கட்டடங்கள் எழுந்தன. 1869ஆம் ஆண்டு கோப்பி இலையிலே செம்மஞ்சட் புள்ளியாகத் தோன்றிய நோய் இத்தீவில் முதன்முதற் கண்டறியப்பட்டது பதுளைப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமையிலேயாம். அடுத்த இருபது ஆண்டுகளுள் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றத்திலேதான் லயத்தின் துன்பக் கதை தொடங்குகின்றது. தேயிலைக்குப் பருவமில்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஆண்டு முழுவதும் பறித்தல் வேண்டும். பறிப்பதற்குப் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் வந்தனர், வந்தோர் நிலைத்தனர். பயிர் மாறிற்று, உழைப்பின் இயல்பு மாறிற்று, உழைப்போர் வாழ்வு மாறிற்று. மாறாதது லயம் ஒன்றே. சில திங்கள் தங்கும் தனியாட்களுக்கென வகுத்த கொட்டில், தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் பிறந்து வளர்ந்து இறக்கும் இல்லமாயிற்று.

அதன் அமைப்பைச் சிறிது நோக்குதல் தகும். பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமுமுடைய ஓரறை. அதனை ‘காம்பரா’ என்பர். முன்னே சிறிய இஸ்தோப்பு. அதன் ஒரு மூலையில் அடுப்பு. ஒற்றை லயமாயின் அறைகள் ஒரு வரிசையாய் நிற்கும். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகொட்டி இரண்டு வரிசைகள் நிற்கும்; பின்சுவர் இரு குடும்பத்துக்கும் பொது; பின்வாசலும் சாளரமும் இல்லை; காற்று நுழைந்து வெளியேற வழியில்லை. 120 சதுரஅடிப் பரப்பிலே பெற்றோரும் பிள்ளைகளும், திருமணமாகிய மகனும் மருமகளும் உறங்கினர். ஒரு குடும்பத்தின் பேச்சு அடுத்த குடும்பத்துக்கு மறைவன்று. லயத்தின் ஒரு முனையில் எழுந்த புகை மறுமுனைக் கூரைவரை சென்றது.

ஈண்டு ஓர் ஒப்பீடு கருதற்பாலது. மடுல்சீமையிலே கோப்பிநோய் காணப்பட்ட அதே 1869ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரசபை தொழிலாளருக்கென வீடுகளைக் கட்டி முடித்தது. புனித மார்ட்டின் குடில்கள் என்னும் அவ்வீடுகள், நகராட்சி மன்றமொன்று அந்நாட்டில் எழுப்பிய முதல் வீடுகள் எனக் கூறப்படும். 1909இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய வீடமைப்பு நகரமைப்புச் சட்டம், முதுகோடு முதுகொட்டிய வீடுகளைப் புதிதாய்க் கட்டலாகாது எனத் தடுத்தது. காற்றோட்டமின்மையால் நோய் பெருகுகின்றது என்பது அதற்குக் காட்டப்பட்ட காரணம். தம் நாட்டில் நோய்க்கூடம் எனத் தள்ளப்பட்ட அமைப்பினையே ஊவா மலைகளில் அந்நாட்டார் உறைவிடமாக விட்டுவைத்தனர். அவ்விரட்டை லயங்கள் சில இன்றும் நின்று வழங்குகின்றன. இலங்கையிலும் 1915ஆம் ஆண்டிலே வீடமைப்பு நகரத் திருத்தக் கட்டளைச்சட்டம் பிறந்தது. ஆயின் அது நகரத்தை நோக்கி எழுந்தது. தோட்டத்தின் எல்லைக்கல்லை அது தாண்டவில்லை.

லயத்தின் இடநெருக்கடியை விடக் கொடியது அதன் சட்டநிலை. வீடு வேலையின் ஒரு பகுதி. வேலை உள்ளவரையே வீடு. வாடகை வாங்கப்படவில்லை என்பதைத் துரைமார் தம் வண்மையாக எடுத்துரைத்தனர். நுணுகி நோக்கின் அவ்வாடகையின்மையே தொழிலாளியின் உரிமையைப் பறித்தது எனல் வேண்டும். 1942ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நகரங்களிலே குடியிருப்போனை வீட்டுக்காரனின் விருப்பு வெறுப்பிலிருந்து காத்தது. வாடகை கொடுத்தவனுக்கே அப்பாதுகாப்பு. லயத்தானோ குடிக்கூலி கொடாதவன். எனவே அவன் குடியிருப்போனுமல்லன். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கொழும்புக் கடைச்சிப்பந்தி ஒருவனுக்குச் சட்டம் வழங்கிய காப்பினை, நான்கு தலைமுறை ஒரே அறையில் வாழ்ந்த கொழுந்துக்காரிக்கு அது வழங்கவில்லை.

இதன் விளைவு 1946இல் கேகாலைப் பகுதியில் வெளிப்பட்டது. நேவ்ஸ்மயர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்தின் பொருட்டு அரசாங்கம் பொறுப்பேற்று, அங்கு வாழ்ந்த தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் மறுத்தனர். மலையக வரலாற்றிலே உருளவள்ளிப் போராட்டம் என வழங்குவது இதுவே. தாம் பிறந்த அறையில் தொடர்ந்து தங்கியமைக்காக அவர்கள் மீது ‘குற்ற அத்துமீறல்’ வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. பிறரைத் துன்புறுத்தும் நோக்கமின்றி, செல்ல இடமின்மையால் இருந்தவிடத்தே இருத்தல் அக்குற்றமாகாது என 1950இல் அங்கே தீர்ப்பாயிற்று. தண்டனையினின்று தப்பினர் என்பதன்றி வீட்டுரிமை பெற்றனர் என்று அதற்குப் பொருளில்லை.

தீர்ப்பு வருவதற்குள் நிலைமை மேலும் சீர்கெட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. வீட்டுரிமையின் வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்குரிய இடம் பலராலும் போதிய அளவு உணரப்படவில்லை. குடியரசு முறையிலே வீடமைப்பு என்பது வாக்கைத் தொடர்ந்து செல்வது. 1954இல் தேசிய வீடமைப்புச் சட்டம் வந்தது. வீடுகட்டக் கடன் வழங்கப்பட்டது. உலர்வலயத்திலே குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. கல்லோயாத் திட்டத்திலே தொடக்கத்தில் குடியேறிய குடும்பமொன்றுக்கு நான்கு ஏக்கர் வயலும் மூன்று ஏக்கர் மேட்டுநிலமும் கிடைத்தன. அந்நிலங்கள் குடியுரிமையுடையோருக்கே உரியன. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரென மதிப்பிடப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் வேறோர் உடன்பாடு வந்தது. யார் போவர், யார் இருப்பர் என்பது தெரியாத அவ்விடைக்காலத்தில் லயத்தைத் திருத்துவோர் யார்? புறப்படப்போகின்றவனுக்குப் புதுவீடு எதற்கு என்ற எண்ணம் தோட்ட நிருவாகத்துக்கு வசதியாக வாய்த்தது.

1970களிலே நாட்டின் நிலவுடைமை முறை தலைகீழாயிற்று. அப்பத்தாண்டின் இரு சட்டங்களை அருகருகே வைத்து நோக்குக. 1973ஆம் ஆண்டின் வீட்டுச்சொத்து உச்சவரம்புச் சட்டம், வரம்புக்கு மேற்பட்ட வீடுகளை உடையோரிடமிருந்து பெற்றது. நகரத்துக் குடியிருப்பாளர் பலர் தாம் வாடகைக்கிருந்த வீட்டுக்கே உரிமையாளராயினர். 1975ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் கம்பனிகளின் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. லயங்களும் அரசினுடையனவாயின. ஆனால் அங்குக் குடியிருந்தோருக்கு எதுவும் மாறவில்லை. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை என்றும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்றும் உடைமையாளரின் பெயர்கள் மாறின. அறை அதே அறை, ஒப்பந்தம் அதே வேலை ஒப்பந்தம். ஓர் அரசே, ஏறத்தாழ ஒரே காலத்தில், நகரத்து வாடகையாளனை உரிமையாளனாக்கிற்று. மலைநாட்டானைத் தன் கொட்டிலில் வைத்த கூலியாளனாகவே கொண்டது.

1977இன் பின் வீடமைப்பு நாட்டின் முதன்மையான அரசியற் பணியாயிற்று. அதற்கு அமைச்சராகவும், பின் பிரதமராகவும் சனாதிபதியாகவும் விளங்கிய ரணசிங்க பிரேமதாசா கொழும்பின் எளிய குடியிருப்புகளை நன்கறிந்தவர். 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. நூறாயிரம் வீட்டுத் திட்டத்தைத் தொடர்ந்து 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கிற்று. ஐக்கிய நாடுகள் சபை 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கு உறையுள் வழங்கும் ஆண்டாகப் பிரகடனம் செய்தமைக்கு முன்மொழிவு இலங்கையிலிருந்தே சென்றது. இத்திட்டத்தின் சிறப்பு யாதெனில், அரசு தானே வீடு கட்டிக் கொடுப்பதைக் குறைத்து, சிறுகடனும் அறிவுரையும் வழங்கி மக்களையே கட்டச் செய்தமையாகும். கொழும்பிலே சேரிவாழ் மக்கள் தத்தம் குடியிருப்பின் ஒழுங்கைகளையும் எல்லைகளையும் அதிகாரிகளோடு கூடியிருந்து வகுத்தனர். பிறநாட்டு அறிஞர் பலர் வந்து கண்டு வியந்த முறை அது.

அம்முறைக்கு ஓர் அடிப்படை உண்டு: கடன் பெறுவோனுக்குக் கட்டுதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். நகரத்திலே அரசு நிலத்தை ஒதுக்கி அனுமதிப்பத்திரம் வழங்கிற்று. கிராமத்திலே தந்தை வழிக் காணி இருந்தது. தோட்டத்திலே இரண்டும் இல்லை. எனவே ‘தன் வீட்டைத் தானே கட்டுக’ என்ற அழகிய கொள்கை தோட்டத்தின் வாயிலில் நின்றுவிட்டது. திட்டம் தீயதன்று, அதன் முதற்படி நிலம் என்பதை உணர்ந்தோர், அப்படியைத் தோட்டத்துக்கு இட்டாரில்லை.

உள்ளூராட்சி மன்றமேனும் உதவியதா எனின், அதுவுமில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைக் கிராமத்தார் நலனுக்கெனச் செலவிடும் வகையில் அமைந்திருந்தது. தோட்டக் குடியிருப்பு அதன் பொருளில் அடங்கவில்லை. தோட்டம் சபைக்கு ஏக்கர் வரி செலுத்திற்று. வாக்குரிமையை மீளப் பெற்ற தொழிலாளர் உறுப்பினரையும் தெரிந்தனுப்பினர். ஆயினும் தாம் தெரிந்த சபை தம் லயத்துக்குச் செல்லும் பாதையிலே கல் பதிக்கவும் சட்டம் இடந்தரவில்லை. கொஸ்லந்தை அடங்கிய ஹல்துமுல்லைப் பிரதேசத்திலும் இதுவே நிலை. பெருந்தெருவோரத்துக் கடைக்காரன் சபையின் குடிமகன். மேலே லயத்தில் இருப்போன் துரையின் ஆள். மண்சரிவு எச்சரிக்கை வந்த 2005ஆம் ஆண்டில், அதனைக் கேட்டு மாற்றிடம் அளிக்கும் கடப்பாடு தெளிவாக எவர் தலையிலும் சுமத்தப்படாமைக்கு இப்பிளவே மூலகாரணம் எனலாம். நிலம் அரசினது, 1992இன் பின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளினது, மக்கள் நலம் தனியொரு நிதியத்தினது, பிரதேச சபை வெளியே நின்றது.

அந்நிதியத்தைப் பற்றியும் சில கூறல் வேண்டும். தோட்டங்களின் நிருவாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபொழுது, வீடமைப்புக்கும் சமூகநலத்துக்குமென ஒரு பொறுப்பு நிதியம் அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாயிற்று. அதன் வழியாகத் தனிவீடுகளும் இரட்டைவீடுகளும் எழுந்தன. தொழிலாளர் கடன் பெற்று, உடலுழைப்பையும் சேர்த்துக் கட்டினர். கடன் சம்பளத்திலே கழிக்கப்பட்டது. சுவர் எழுந்தது, கூரை ஏறிற்று, கடனும் தீர்ந்தது. காணி உறுதி மட்டும் பலருக்குக் கைசேரவில்லை. நிலம் கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகையில் உள்ளது. ஒரு குடும்பத்துக்குச் சிறுதுண்டைப் பிரித்துக் கொடுக்கவேண்டின் உடைமையாளராகிய அரச நிறுவனமும், குத்தகை பெற்ற கம்பனியும் இசைதல் வேண்டும். நில அளவை நிகழ்தல் வேண்டும். சரிவு அபாயமில்லை என்ற சான்று பெறல் வேண்டும். இவற்றுள் ஒன்று தடைப்படினும் யாவும் தடைப்படும்.

2015இல் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கென ஓர் அமைச்சு தோற்றுவிக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தை உறுதியுடன் வழங்கி, அதிலே தனிவீடு கட்டுவித்தல் அதன் நோக்கம். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுரஅடி. கல்லோயாவிலே குடியேறினோர் பெற்ற ஏழு ஏக்கரின் நூற்றறுபதில் ஒரு பங்கு அது. ஒப்பிட்டுக் குறைகாண்போர் கூற்றில் நியாயமுண்டு. எனினும் 120 சதுரஅடி அறையிலே, அதுவும் பிறனுடைய அறையிலே, வாழ்ந்தோனுக்குத் தன் பெயரில் எழுதிய நிலம் எத்துணைச் சிறிதாயினும் வேறு வகையான பொருளாகும். அந்நிலத்திலே அவன் பலாக்கன்று நடலாம். மகனுக்கு ஓர் அறை கூட்டலாம். வேலையை விட்டு வெளியேறினும் வீட்டைவிட்டு வெளியேற வேண்டுவதில்லை.

இந்திய அரசின் உதவியும் இக்காலத்தே சேர்ந்தது. முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 தோட்ட வீடுகளின் வேலை 2016இல் தொடங்கிற்று. 2017 மே 12இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒவ்வொரு வீடும் 550 சதுரஅடி. 2018இல் சட்டத்துறையிலும் இரு படிகள் ஏறப்பட்டன: பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டுச் சபைகள் தோட்டங்களிலும் செலவு செய்யும் வழி திறந்தது, பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை சட்டவழி நிறுவப்பட்டது. லிவர்பூல் நகரசபை தன் தொழிலாளருக்கு வீடு கட்டி ஒன்றரை நூற்றாண்டு சென்றபின், ஊவாவின் தோட்டத் தொழிலாளிக்கு உள்ளூராட்சி மன்றமொன்று உரியதாயிற்று. வேகம் பற்றிப் பெருமை கொள்ளுதற்கு இடமில்லை. 2017இல் அறிவித்த வீடுகளின் தொடக்கவேலை 2024ஆம் ஆண்டு வரை தாமதமாயிற்று. பொருளாதார நெருக்கடியும், கட்டடப் பொருள்களின் விலையேற்றமும் அதற்குரிய காரணங்களுட் சில.

மீரியபெத்தையில் உயிர் தப்பியோர் கதையும் இதனுள் அடங்கும். பாடசாலைகளிலிருந்து அவர்கள் பூனாகலைப் பகுதியிலுள்ள மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலைக்கு மாற்றப்பட்டனர். கொழுந்தை வாட்டி அரைக்க எழுப்பிய கட்டடத்திலே, தட்டிகளால் மறைத்த சிற்றிடங்களிற் குடும்பங்கள் இரண்டாண்டு வாழ்ந்தன. லயத்தையும் விரும்பத்தக்கதாக்கிய வாழ்வு அது. 2016இல் மாக்கல்தெனியவிலே 75 வீடுகள் கட்டி முடிக்கப்பட்டு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. அவை தனித்தனி வீடுகள், சுவர் பொதுவன்று, முன்னும் பின்னும் வாசலுண்டு. எச்சரிக்கை கிடைத்த ஆண்டிலிருந்து எண்ணின் பதினோராண்டு கழிந்திருந்தது. 2005இலேயே இவ்வீடுகளைக் கட்டுதற்கு எவ்வகைப் புதுக்கலையும் தேவைப்பட்டிருக்கவில்லை. இருந்த நிலமே அது, இருந்த மக்களே அவர்கள்.

மலை ஓய்ந்துவிடவில்லை. 2023 மார்ச்சிலே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் மண் சரிந்து லயங்கள் சிதைந்தன. மீரியபெத்தையிலிருந்து அது தொலைவன்று. குடும்பங்கள் மறுபடியும் தற்காலிக இடங்களில் தங்கின. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளியின் பெருமழை பதுளை மாவட்டத்தின் சரிவுகளைப் பல இடங்களிற் பெயர்த்தது. பதுளை மாவட்டத்திலே சரிவு அபாயமுடைய இடங்களைக் காட்டும் படங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தால் வரையப்பட்டுள்ளன. எந்தச் சாரலை விட்டு மக்கள் செல்லல் வேண்டும் என்பதை அப்படங்கள் காட்டும். செல்லவேண்டிய நிலம் கம்பனிகளின் குத்தகைப் பத்திரங்களில் உள்ளது. அக்குத்தகை முடிவது 2045இல்.